வளையம் என் அட்டாலியில் இருக்கிறது

கணபதி, கோயமுத்தூர்
கார்த்திகை முதல் வாரம்

அன்புள்ள மாப்ள,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு இந்த மழைக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி குறையில்லை. உன் வீட்டிலும் பிள்ளைகளும் சௌக்கியம்தானே? இந்தச் சமாச்சாரத்தைப் போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். போனில் என்றால் "அடடா, அப்படியா" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவோம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மணிக்கூண்டுச் சந்தில் நம்ம மேஜிக் கடையை மூடியாயிற்று. மாஸ்டர் நன்றாக இருக்கிறார், பதறாதே. எண்பதைத் தாண்டிவிட்டார், இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று, விரல்தான் நடுங்குகிறது. போன வாரம் அவரே கூப்பிட்டார். "தம்பி, ஒரு நாள் பொழுதோட வந்துட்டுப் போங்க சாமி. பொட்டியெல்லாம் கட்டோணும்" என்றார். மகன் பெங்களூரில் இருக்கிறான், கடையை எடுத்து நடத்த ஆளில்லை. கட்டடக்காரர் வாடகையை ஏற்றிக் கேட்டிருக்கிறார். மாஸ்டர் பேரம் பேசவில்லையாம்.

உனக்கு அந்த முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? 1984, நாம் ஒன்பதாவது. கோனியம்மன் தேர் பார்க்கக் கிணத்துக்கடவிலிருந்து பஸ் ஏறி வந்தோம். ராஜ வீதிக் கூட்டத்தில் என் செருப்பு அறுந்துபோய், தைக்க ஆள் தேடித்தான் அந்தச் சந்துக்குள் நுழைந்தோம். ஆறடி அகலம்கூட இல்லாத கடை. ஒரு கண்ணாடி பீரோ, ஒரு மேசை, பின்னால் பச்சைத் துணித் திரை. சுவரில் தலைப்பாகையில் இறகு வைத்த வங்காள மேஜிக்காரர் பி.சி. சர்க்கார் படம். மாஸ்டர் நம்மை "வா, போ" என்று சொல்லவே இல்லை. அரை டிரவுசர் போட்ட பையன்களைப் பார்த்து "வாங்க தம்பி" என்றார். மேசைமேல் ஒரு மரச் செப்பை வைத்து மூடியைத் திறந்தார், உள்ளே சிவப்புப் பந்து. பந்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு செப்பை மூடினார். திறந்தால் பந்து திரும்பவும் உள்ளே இருக்கிறது. நாம் "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்று கத்தினோம். சிரித்துக்கொண்டே மூடி வைத்துவிட்டார்.

உன்னிடம் ஏழு ரூபாய் இருந்தது. உன் அம்மிச்சி நோம்பிக்குக் கொடுத்த காசு. நீ அதைக் கொடுத்ததும் மாஸ்டர் திரையை விலக்கி உன்னை மட்டும் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். என்னிடம் பஸ் காசுதான். அரை மணி நேரம் அந்தப் பச்சைத் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ வெளியே வந்தபோது உன் மூஞ்சியே வேறாக இருந்தது. பஸ்ஸில் ஊர் போய்ச் சேரும்வரை கெஞ்சினேன், நீ வாயைத் திறக்கவில்லை. "மாஸ்டர் கையடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு" என்றாய். ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை நான். அந்தச் செப்பு எப்படி என்று நீ இன்றுவரை எனக்குச் சொன்னதில்லை மாப்ள, அதற்காக உன்மேல் எனக்கு இருக்கிற மரியாதையை இத்தனை வருசத்தில் ஒரு நாளும் உன்னிடம் சொன்னதில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

செப்பிடு வித்தை என்று நாம் வாயில் வருகிறபடி சொல்கிறோமே, அந்தச் செப்பு என்கிற சின்னக் கிண்ணம்தான் இந்தத் தொழிலுக்கே நம் மொழியில் பேர் கொடுத்தது என்று மாஸ்டர் சொல்வார். அந்தியூர் குருநாதசாமி நோம்பிக்கு ஆடி மாதம் குதிரைச் சந்தை கூடும்போது, மரத்தடியில் துண்டை விரித்து மூன்று கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்காரும் வித்தைக்காரர்களைத் தேடிப் போய் அவர்கள் கையைப் பார்த்துக்கொண்டே நிற்பாராம். அவருக்கு அதுதான் பள்ளிக்கூடம்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை மறக்க முடியுமா? பேங்க் குமாஸ்தா, பஸ் கண்டக்டர், டிரில் மாஸ்டர், ஓமியோபதி டாக்டர், நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வருகிற மில் தொழிலாளி. திரைக்குப் பின்னால் எட்டுப் பேர் முட்டிக்கு முட்டி இடித்து உட்கார்ந்திருப்பார்கள். கண்டக்டரின் விரல் எல்லோரையும்விட வேகம், நாளெல்லாம் டிக்கெட் கிழித்த விரல். யாராவது தப்புப் பண்ணினால் மற்றவர்கள் சிரிக்க மாட்டார்கள். "கண்ணு எங்க போச்சு உனக்கு? உன் கண்ணு போற பக்கந்தான் சனத்தோட கண்ணும் போகும்" என்று மாஸ்டர் சொல்லுவார். நீ கையைப் பார்த்துக்கொண்டே வித்தை செய்கிற பழக்கத்தை விட ஆறு மாதம் ஆனது. நான் வித்தை கற்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தேன். அந்த ஆறு மாதமும் பக்கத்தில் இருந்தேன்.

அவர்களுக்கெல்லாம் ஆட்டம் கிடைத்ததே இந்த ஊர் மில்லாலும் பட்டறையாலும்தான். ஆயுத பூஜைக்கு ஒரு மில் காலனி விடாமல் மேடை போடுவார்கள். பள்ளிக்கூடத்தில் தலைக்கு ஒரு ரூபாய் வசூலித்து வராந்தாவில் பிள்ளைகளை உட்கார வைப்பார்கள். மில் ஒவ்வொன்றாக மூடிப் போக, ஆயுத பூஜை மேடையும் போயிற்று. பள்ளிக்கூடங்களில் இப்போது கேட்டுக்குள் விடுவதே பெரும்பாடு.

போன வாரம் போய் உட்கார்ந்தபோதுதான் எனக்கே ஒரு விசயம் முழுசாக விளங்கியது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மாஸ்டர் விற்ற சாமானில் பாதிக்குமேல் வெளியிலிருந்து வந்ததே இல்லை, எல்லாம் இந்தப் பக்கத்திலேயே செய்தது. ஒன்றோடொன்று கோத்துப் பிரித்துக் காட்டுகிற வித்தை வளையத்துக்குக் கம்பி வளைத்துப் பத்த வைத்தது ஆவாரம்பாளையத்தில் ஒரு வெல்டர். பற்று தெரியாமல் ராவி, நிக்கல் ஏற்றியது இன்னொரு பட்டறை. பட்டுக் கைக்குட்டையைச் சிவப்பிலும் மஞ்சளிலும் முக்கிக் கொடுத்தது திருப்பூரில் ஒரு சாயக்காரர். மரப்பெட்டிக்குப் பொள்ளாச்சி ஆசாரி. பெட்டிமேல் டிராகன் படம் வரைந்தது உக்கடத்தில் போர்டு எழுதுகிற பெயிண்டர். கறுப்பு வெல்வெட் பை தைத்தது பெரிய கடை வீதித் தையல்காரர். இந்த ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. பெட்டியின் அடிப்பலகையை எதற்கு அந்த அளவில் இழைக்கிறோம் என்று ஆசாரிக்குத் தெரியாது. அந்த இடத்தில் ஏன் கறுப்புக் கோடு போடச் சொல்கிறார் என்று பெயிண்டருக்குத் தெரியாது. மாஸ்டர் ரகசியத்தைக் கூறு போட்டு, ஆளுக்கு ஒரு துண்டாக ஊர் ஊராகக் கொடுத்து வைத்திருந்தார்.

அதில் ஒரு துண்டு என்னிடம் இருந்தது மாப்ள. 1991-இல் நான் சொந்தமாக லேத் போட்டேன் அல்லவா? அடுத்த மாதமே மாஸ்டர் டிவிஎஸ் 50-இல் வந்து இறங்கினார். மடியிலிருந்து ஒரு பித்தளைக் குழலை எடுத்தார். அரை மில்லி கனம், ஒரு பக்கம் கொஞ்சம் சரிவு. "இதே மாதிரி ஆறு பீஸ் வேணுங்க தம்பி. பொருந்தவும் பொருந்தோணும், உடனே உளுகவும் உளுகோணும்" என்றார். நான் கிரைண்டருக்குச் சாப்டும் புஷ்ஷும் கடைகிறவன், அந்தக் கனத்துக்குப் பித்தளையைக் கடைவதென்றால் டூல் கொஞ்சம் அழுத்தினாலும் நசுங்கிவிடும். முதல் நாள் பதினொன்று கெட்டது. அதற்கப்புறம் முப்பது வருசத்தில் எத்தனை ஆறு கடைந்திருப்பேனோ! ஒரு தடவைகூட எதற்கு என்று கேட்கவில்லை, அந்தப் பச்சைத் திரைக்கு வெளியே நின்றவன்தானே நான்.

பெயிண்டர்தான் முதலில் போனார், பிளக்ஸ் வந்ததும் போர்டு எழுதுகிற வேலையே நின்றுவிட்டது. 2011 ஜனவரியில் ஹைகோர்ட் உத்தரவில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடினார்களே, அதோடு சாயக்காரர் தொழிலை விட்டுவிட்டு ஊரோடு போய்விட்டார். சாயத் தண்ணி ஓடிய நொய்யல் ஆற்றைப் பார்த்தவன் அந்த உத்தரவைக் குறை சொல்ல மாட்டான், நானும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சிவப்பு அதற்கப்புறம் மாஸ்டருக்குக் கிடைக்கவில்லை. 2016 நவம்பரில் நோட்டு மாறியபோது இன்னொரு அடி. பழைய ஐந்நூறு ரூபாய் 167-க்கு 73 மில்லிமீட்டர், புதுசு 150-க்கு 66. வித்தைக்காகப் பழைய அளவுக்குச் செய்த, நோட்டு வைக்கிற மரச்சட்டம், பர்ஸ் எல்லாம் புது நோட்டுக்குத் தொளதொளத்துவிட்டன. சுற்றிலும் இடம் தெரிந்தால் பார்க்கிறவன் கண் அங்கேதான் போகும். ஒரு பெட்டி நிறைய அப்படியே கிடக்கிறது. திருப்பிச் செய்து தர ஆசாரி உயிரோடு இல்லை.

யூடியூபில் எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லிவிடுகிறார்கள், அதனால்தான் கடை படுத்துவிட்டது என்று கண்டக்டர் சொன்னார். (அவரும் வந்திருந்தார், ரிட்டயர் ஆகிப் பேரனைக் கூட்டிக்கொண்டு.) எனக்கு அது சரியாகப் படவில்லை. விளக்கம் போட்ட புத்தகம் அந்தக் காலத்திலும் நடைபாதையில் கிடைத்தது. இப்போதைய பையனுக்கு விளக்கம் அவன் ரூமுக்கே வந்துவிடுகிறது, பிளாஸ்டிக் சாமானும் பார்சலில் வந்துவிடுகிறது. முன்னால் உட்கார்ந்து "கண்ணு எங்க போச்சு" என்று கேட்க ஆள்தான் வருவதில்லை.

நீ 2011-இல் ஆபீஸ் வேலையாக லண்டன் போனபோது, சேரிங் கிராஸ் ஸ்டேஷன் சுரங்க வழியில் இருந்த டேவன்போர்ட் மேஜிக் கடை வாசலில் நின்று எடுத்த போட்டோவை மாஸ்டருக்குக் கொடுத்தாயே, அது கடைசிவரை பீரோ கண்ணாடியில் ஒட்டியிருந்தது. 1898-இல் ஆரம்பித்து ஒரே குடும்பம் நடத்திய கடை. 2020-இல் அதுவும் லண்டனை விட்டுப் போய்விட்டது. அந்தச் சேதி வந்த அன்றைக்கு மாஸ்டர் ரொம்ப வெசனப்பட்டாராம். நியூயார்க்கில் மார்ட்டிங்கா கடையின் பின்னறையில்தான் 1902-இல் அமெரிக்க மேஜிக் சங்கத்தையே தொடங்கினார்கள், பின்னால் ஹூடினி அந்தச் சங்கத்துக்குத் தலைவரானார், கொஞ்ச காலம் அந்தக் கடையையே வாங்கியும் வைத்திருந்தார் என்று நமக்கு அவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! சொல்லிவிட்டு நம்ம பச்சைத் திரையைத் திரும்பிப் பார்ப்பார்.

பெட்டி கட்டி முடித்ததும் என்னை வாடிக்கையாளர் பக்கம் ஸ்டூலில் உட்காரச் சொன்னார். அவர் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றார். கண்டக்டரின் பேரனிடம் ஒரு ரூபாய்க் காசு வாங்கி, அதில் பேனாவால் குறி போடச் சொன்னார். அப்புறம் நடந்ததை நான் எழுத மாட்டேன். காசு எங்கே போய் எதற்குள்ளிருந்து வந்தது என்று உனக்கே தெரியும், நீ எத்தனை மேடையில் செய்திருப்பாய்! கை நடுங்கத்தான் செய்தது. சரியாக அந்த ஒரு நொடி மட்டும் நடுங்கவில்லை. பையன் "ஐயோ!" என்று எழுந்தே நின்றுவிட்டான்.

மாஸ்டர் என்னைப் பார்த்து, "உங்க பீஸுதாங்க தம்பி உள்ள இருக்குது" என்றார்.

நான் இரண்டு அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். என் கையால் கடைந்த குழல், அதன் கனமும் சரிவும் என் விரலுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். அது உள்ளே இருக்கிறது என்று எனக்குத் தட்டுப்படவே இல்லை மாப்ள. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாஸ்டர் திரையை விலக்கி, "வாங்க" என்றார். நாற்பது வருசம் கழித்து உள்ளே போனேன். ஒரு பெஞ்சு, ஒரு நிலைக்கண்ணாடி, சுவரெல்லாம் மெழுகுவர்த்திப் புகை. அவ்வளவுதான் இருந்தது.

அங்கே அட்டாலியிலிருந்து ஒரு துணி மூட்டையை இறக்கச் சொன்னார். எட்டு வளையம். மூட்டை முடிச்சில் அட்டைச் சீட்டுக் கட்டி உன் பேரின் முதலெழுத்து. 1989-இல் காலேஜ் பீசுக்கு நீ திருப்பிக் கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டு போன அதே செட். அவர் அதை யாருக்கும் விற்கவில்லை. கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் புதுசு செய்து கொடுத்திருக்கிறார். "அவரு வருவாருன்னு வெச்சிருந்தனுங்க" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

மற்ற சாமானில் கொஞ்சத்தைக் கண்டக்டர் எடுத்துக்கொண்டார். பேரனுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாஸ்டர் வீட்டிலேயே பாடம் என்று பேச்சு. சர்க்கார் படத்தை மாஸ்டர் மடியிலேயே வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

உன் வளையம் இப்போது என் பட்டறை அட்டாலியில் இருக்கிறது. ஒன்றோடொன்று தட்டினால் அதே சத்தம், பஸ்ஸில் உன் மடியில் கேட்ட சத்தம். பொங்கலுக்கு வா. மாஸ்டர் வீடு சிங்காநல்லூரில், சாயங்காலம் போகலாம், ஐந்து மணிக்கு முன்னால் தூங்குவார்.

ஒரு விசயம் மட்டும் உடனே எழுது. எட்டில் இரண்டு வளையத்தில் நிக்கல் உரிந்து துரு பூத்திருக்கிறது. பஃப் அடித்துப் புதுசாக நிக்கல் ஏற்றிக் கொடுக்க இங்கே ஒரு பையன் இருக்கிறான், நன்றாகச் செய்வான். ஆனால் மேலே ஏற்றினால் சத்தம் ஒரு துளி மாறும். ஏற்றட்டுமா, அப்படியே விடட்டுமா?

உன் கூட்டாளி