மளிகைச் செலவு பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

மளிகைச் செலவு கையை மீறிப் போகிறது, எதைக் குறைப்பதென்றே தெரியவில்லை என்று போனில் சொன்னாய். நான் பதில் சொல்ல ஆரம்பித்தால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

எந்தக் கடையில் மலிவு என்று தேடுவதற்கு முன்னால் உன் குப்பைத் தொட்டியைப் பார். ஒரு வாரத்துக்கு, தூக்கிப் போடுவதை எல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி வை. வாடிய கீரை, காய்ந்த ரொட்டி, மீந்த குழம்பு, எதையும் விடாதே. கூடுதல் விலைக்கு வாங்கியதில் போகும் பணத்தைவிட, வாங்கிச் சாப்பிடாமல் விட்டதில் போகும் பணம் அதிகமாக இருக்கும் என்பது என் கணிப்பு. இது உன் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. 2022இல் உலகம் முழுவதும் சுமார் 105 கோடி டன் உணவு வீணானதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டது. ஓட்டல்களும் கடைகளும்தான் காரணம் என்று நினைப்போம். ஆனால் அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது.

அந்தக் காகிதத்தில் ஒரே பொருள் திரும்பத் திரும்ப வந்தால், அடுத்த முறை அதில் பாதி அளவு மட்டும் வாங்கு. வைக்கும் இடத்தையும் கவனி. ஆப்பிளும் வாழைப்பழமும் எத்திலீன் வாயுவை வெளிவிடும். பக்கத்தில் கீரை இருந்தால் சீக்கிரம் மஞ்சளாகிவிடும், அதனால் தனித்தனியாக வை. பாலை ஃபிரிட்ஜ் கதவில் வைக்காதே. திறந்து மூடும் இடம் என்பதால் அங்கேதான் குளிர் குறைவு. உள்ளே 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. தேதி தாண்டியது என்று எல்லாவற்றையும் தூக்கிப் போடவும் வேண்டாம். "இந்தத் தேதிக்குள் பயன்படுத்துவது சிறந்தது" என்றிருந்தால் அது சுவையையும் தரத்தையும் பற்றியது. "இந்தத் தேதிக்குப் பின் பயன்படுத்தக் கூடாது" என்றிருந்தால் விளையாடாதே.

இனி கடைக்கு வருவோம். பாக்கெட்டில் விலையைப் பார்க்கும்போதே எடையையும் பார். விலையை ஏற்றாமல் எடையைக் குறைத்துவிடுவார்கள், பாக்கெட் பார்வைக்கு அதேபோலத்தான் இருக்கும். கிலோவுக்கு எவ்வளவு என்று போனிலேயே கணக்குப் போட்டுவிடலாம். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்று நம்பாதே, சில சமயம் சிறியதே லாபம். எண்ணெயில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் சுமார் 910 கிராம்தான் இருக்கும். ஒரு லிட்டர் பாட்டிலும் ஒரு கிலோ பாட்டிலும் ஒரே விலை என்றால், கிலோ பாட்டிலை எடு.

தள்ளுவண்டியைத் தொடாதே, கைக்கூடையை எடு. கூடை கனத்ததும் மக்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் என்று பார்த்து, 1937இல் அமெரிக்காவில் சில்வன் கோல்ட்மன் என்ற கடைக்காரர் கொண்டுவந்ததுதான் அந்த வண்டி. அவர் நோக்கம் அவருக்குச் சரி. நமக்குக் கை வலிப்பதே நல்லது. பசியோடு கடைக்குப் போகாதே என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

"இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்பதை சோப்புக்கு எடுத்துக்கொள், ரொட்டிக்கு வேண்டாம். மாதக் கடைசியில் ஓட்டல் சாப்பாட்டையும் இதே காகிதத்தில் எழுது. அலுப்பில் வெளியே வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, வீட்டில் வாங்கி வைத்த காயை அழுகவிடுவது இரட்டைச் செலவு. அலுப்பான நாளுக்கென்று பத்து நிமிடத்தில் முடிகிற ஒரு சமையலுக்கான சாமான் எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.

அப்புறம், இதையெல்லாம் படித்துவிட்டுப் பழத்திலும் பாலிலும் கைவைக்காதே. நொறுக்குத்தீனியில் ஆரம்பி. அதை மட்டும் தனியாகக் கூட்டிப் பார், தொகையை எனக்குச் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
அப்பா