சிறு நிறுவனங்களுக்கு ஏன் விலக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். 2025 ஜனவரியில் சிங்கப்பூர் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இச்சட்டம் இனம், மொழி, பாலினம், கர்ப்பம் ஆகியவற்றைக் காட்டி ஒருவரை ஒதுக்குவதைத் தடுக்கிறது. மனதார வரவேற்கிறேன். ஆனால் 25 பேருக்கும் குறைவானோர் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு முதல் 5 ஆண்டுகள் விலக்கு என்பதுதான் உறுத்துகிறது. பல இடங்களில் முதலாளியே நேர்காணல் நடத்துவார். முறையிட உள்ளே வேறு ஆளே கிடையாது.

என் தங்கை அப்படியொரு சின்ன அலுவலகத்துக்குக் கணக்கர் வேலை கேட்டுப் போனாள். அங்கே கோப்பு, மின்னஞ்சல் எல்லாம் ஆங்கிலம்தான். முதல் கேள்வி, மாண்டரின் பேசுவீர்களா? அப்புறம், குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் உண்டா? அதே துறையில் இருக்கும் எனக்கும் மாண்டரின் கேள்வி வந்ததுண்டு. இரண்டாவதை யாரும் கேட்டதே இல்லை. ஆண் என்பதாலேயே கிடைத்த சலுகை அது. தமிழ்ப் பெண்ணுக்கோ இரண்டு பக்கமும் அடி. விலக்குக் காலத்தை மனிதவள அமைச்சு 2 ஆண்டாகக் குறைக்க வேண்டும். அதுவரை, மொழித் தகுதி கேட்கும் விளம்பரத்தில் அது ஏன் தேவை என்று ஒரு வரியாவது எழுதுவதைச் சிறு நிறுவனங்களுக்கும் கட்டாயமாக்கலாம்.

வாசகர், ஈசூன்