அலுமினிய சேசிஸ்: தகட்டின் பதத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் மாணவர்கள் அலுமினியத் தகடுகளை மில்லிங்கில் (சுழலும் வெட்டுக்கருவியால் உலோகத்தைச் சீவும் மெஷினில்) குடைந்து, போல்ட் போட்டுச் சேர்த்து ஸ்போர்ட்ஸ் கார் சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், செய்த செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். கஞ்சிக்கோட்டில் சின்னதாக மில்லிங் பட்டறை வைத்திருக்கிறேன்.

எஃகைப் பார்க்க மூன்றில் ஒரு பங்கு எடைதான் என்று போட்டிருந்தீர்கள். விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். எஃகுக் குழாயின் அளவிலேயே அலுமினியத்தைப் போட்டால் வளைவில் வண்டி முறுகும். குறுக்களவைப் பெரிதாக்கித்தான் ஆக வேண்டும். 1996இல் வந்த லோட்டஸ் எலைஸ் காரின் சேசிஸ் 68 கிலோ. அச்சில் பிதுக்கி எடுத்த அகலமான பெட்டிக் குழாய்களை எபாக்சி பசையால் ஒட்டியிருந்தார்கள். 6061 டி6 அலுமினியத்தில் (6061 கலவையின் எண்; டி6 அதன் பதம், அதாவது சூட்டால் ஏற்றிய உறுதியின் குறி) வெல்டிங் வைத்தால் பற்றை ஒட்டிய இடம் சூட்டில் இளகி, வலிமை ஏறக்குறைய பாதியாகிவிடும். முழு சேசிஸையும் 530 டிகிரியில் சுட்டுத் தண்ணீரில் முக்கி, பிறகு மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்துப் பழைய பதத்துக்குக் கொண்டுவர இந்த வட்டாரத்தில் எந்தப் பட்டறையில் அடுப்பு இருக்கிறது? பிள்ளைகள் வெல்டிங்கைத் தவிர்த்தது கெட்டிக்காரத்தனம்.

குடைந்த பிறகு தகடு வில்லாக வளைந்ததற்கு மெஷின்தான் காரணம் என்று ஒரு மாணவர் சொல்லியிருந்தார். மெஷின் பாவம். தகட்டுக்குள் அடங்கியிருக்கும் இறுக்கம், ஒரு பக்கம் மட்டும் குடைந்தால் இப்படித்தான் வெளியே வரும். வாங்கும்போதே டி651 என்று கேட்க வேண்டும். அது சூட்டுப்பதம் செய்தபின் ஆலையிலேயே இழுத்து இறுக்கம் தணித்த தகடு. அதையும் நாங்கள் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி ரஃப் அடித்து (முதல் கட்டமாக முரட்டுத்தனமாகச் சீவி), ஒரு மில்லிமீட்டர் மிச்சம் விட்டு, கிளாம்பைத் தளர்த்தி ராத்திரி முழுக்கப் போட்டுவைப்போம். மறுநாள் காலையில்தான் பினிஷிங். காலை என்பதற்கும் காரணம் உண்டு. 10 டிகிரி ஏறினால் ஒரு மீட்டர் அலுமினியம் 0.23 மில்லிமீட்டர் நீளும். பாலக்காட்டு மார்ச் வெயிலில், தகர ஷெட்டுக்குள், சஸ்பென்ஷன் துளைகளின் இடைவெளியை மத்தியானம் அளந்தால் அது வேறு வண்டிக்குத்தான் பொருந்தும்.

குதிரைத்திறன், வேகம், செலவு எல்லாம் செய்தியில் இருந்தன. தகடு என்ன பதம், எத்தனை கிலோ வாங்கி எத்தனை கிலோ சீவலாகப் பழைய சாமான் கடைக்குப் போனது என்பதையும் அடுத்த முறை கேட்டு எழுதுங்கள். கேரள-தமிழக எல்லையான வாளையாருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து வரும் பிள்ளைகள் உங்கள் செய்தியைத்தான் கத்தரித்துக் கொண்டுவந்து, "இதே மாதிரி வேணும்ண்ணா" என்கிறார்கள்.

இப்படிக்கு,
மில்லிங் பட்டறைக்காரர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்