தம்பிக்கு, வண்டி விஷயமாக

கண்ணு,

நீ அம்மாவுக்கு அனுப்பிய வீடியோ அடுப்படியில் ஓடிக்கொண்டிருந்தபோது திண்ணையில் இருந்த எனக்குச் சத்தம் கேட்டது. உன் பைக்கில் முதல் கியருக்கு ஒரு ‘கடக்’, இரண்டாவதுக்கு இன்னொன்று. போனை வாங்கி மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். வண்டிச் சத்தத்தை அம்மாவிடம் கேட்டால் அவள் என்ன சொல்வாள்? சரி, அது கிடக்கட்டும்.

முதலில் ஒன்று செய். இஞ்சினை அணைத்துவிட்டு, வண்டியை முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே கியரை மாற்றிப் பார். அப்போது சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கோளாறு பெரும்பாலும் கியர்பாக்ஸில் இருக்காது, இஞ்சினையும் கியரையும் பிரித்துவிடுகிற கிளட்ச் முழுசாக விலகவில்லை என்று அர்த்தம். சிக்னலில் நியூட்ரல் சிக்குவதில்லையா? கிளட்சைப் பிடித்திருக்கும்போதே வண்டி முன்னால் ஊருகிறதா? அதுவும் இதனால்தான். கிளட்ச் லிவரின் நுனி 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா ஆடி, அப்புறம்தான் கனக்க வேண்டும். உன் வண்டிக்கு உண்டான அளவு அதன் புத்தகத்தில் இருக்கும். அதற்கு மேல் ஆடினால் கேபிள் தொய்ந்துவிட்டது, அட்ஜஸ்டரைத் திருப்பினால் சரியாகிவிடும். ரொம்ப இறுக்காதே, கிளட்ச் வழுக்கி உள்ளே இருக்கிற பிளேட் தேய்ந்துவிடும். கேபிளில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் புதுசு போட்டுவிடு.

காலையில் முதல் கியருக்கு மட்டும் வரும் ‘டக்’ பரவாயில்லை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பிளேட்டுகள் ஆயிலில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆயில் மாற்றி எவ்வளவு நாள் ஆச்சு? டப்பாவில் ஜாசோ (JASO) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று பைக் ஆயிலுக்கான தரக்குறி போட்டிருக்க வேண்டும். கார் ஆயிலை ஊற்றாதே, பைக்கில் கிளட்சும் அதே ஆயிலில்தான் கிடக்கிறது, வழுக்க ஆரம்பித்துவிடும். செயின் தொங்கினாலும் கியர் மாற்றும்போது அடிக்கும், அதையும் பார்.

போட்ட கியர் தானாகக் கழன்று வந்தால் மட்டும் விஷயம் வேறு. உள்ளே கியர்ப் பல் மழுங்கியிருக்கும், இல்லை கியரை நகர்த்துகிற ஃபோர்க் வளைந்திருக்கும். இஞ்சினைப் பிரிக்காமல் ஆகாது. அந்த வண்டியில் திம்பம் மலைப்பாதை இறங்காதே. 27 கொண்டை ஊசி வளைவு. கியர் கழன்றால் இஞ்சின் பிடிப்பு போய்விடும், முழுப் பாரமும் பிரேக் மேல் விழும். மைசூரிலேயே வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் வா. எத்தனை மணியானாலும் சத்தியமங்கலத்தில் வந்து நிற்கிறேன்.

தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டாச்சு, நாற்று நன்றாக வந்திருக்கிறது. அப்புச்சிக்குக் கண் ஆபரேஷன் முடிந்துவிட்டது. ஆடி நோம்பிக்கு நீ வரவில்லை என்று அவர்தான் கேட்டுக்கொண்டே இருந்தார். யாரிடமும் கை நீட்டாமல் உன் சம்பளத்தில் வாங்கிய வண்டி என்று டீக்கடையில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். அப்பேர்ப்பட்டவன் ஒரு போன் செய்யக்கூடாதா? கேபிளைப் பார்க்க மறந்துவிடாதே.

இன்னொன்று எழுத வேண்டும். வாய்க்கால் மேட்டில் உனக்கு நம் பழைய வண்டியைப் பழக்கினேனே, கியர் கரகரத்த ஒவ்வொரு தடவையும் பின்னந்தலையில் குட்டினேன். ஆடு மேய்க்கிற பையன்கள் பார்த்துச் சிரித்தார்கள். பத்து நாள் கழித்து வண்டியைப் பிரித்தபோது பிளேட்டுகள் உட்காருகிற கிளட்ச் பெல்லின் காடியெல்லாம் பள்ளம் விழுந்து கிடந்தது. பிளேட் அதில் மாட்டிக்கொண்டு விலகவே இல்லை. “இதுல யாரு ஓட்டுனாலும் கியர் விழுகாதுங்க” என்றார் மெக்கானிக். மாற்றிக்கொண்டு வந்து ஷெட்டில் நிறுத்தினேன். உன்னிடம் சொல்லவில்லை. அப்புறம் நீ அந்த வண்டியைத் தொடவே இல்லை. ரோஷக்காரன் என்று ஊரெல்லாம் சொன்னேன், ஏன் என்று தெரிந்துகொண்டே சொன்னேன். உன் கால் மேல் அன்றைக்குத் தப்பே இல்லை, கண்ணு. சித்திரையில் மாமன் முன்னால் நான் பேசியதையும் இப்போது அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இஞ்சினை அணைத்து ஒரு வீடியோ, ஓடவிட்டு ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. அம்மா போனுக்கே அனுப்பு, போதும். லிவர் நுனி தெரிகிற மாதிரி எடு.

அப்பா