கடல் அரிப்பு பத்தி எழுதுறப்போ எங்க ஆத்தையும் பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு மஸ்கெலியாவுல இருந்து வணக்கம்.

கடல் அரிப்புன்னு பேப்பர்ல வர்றப்பல்லாம் கல்லு போடுறதப் பத்திதான் பேச்சு, அந்தக் கரைக்கு மணல் எங்கருந்து வந்துச்சுன்னு யாருமே கேக்குறதில்ல. வத்தளையில இருந்து நீர்கொழும்பு பக்கம் வரைக்கும் கரைக்கு மணல் கொண்டுபோய் சேத்தது களனி கங்கை. மஸ்கெலி ஓயா, கெஹெல்கமு ஓயான்னு ரெண்டு ஆறு சேந்துதான் அந்த கங்கை, ரெண்டும் எங்க மலைத் தண்ணி. ஒண்ண மவுசாக்கலையில அணை கட்டி மறிச்சிருக்கு, மத்தத காசல்ரீயில. கரண்டு வேணும், அத நான் குறை சொல்லல, ஆனா மேலருந்து வர்ற மணல் அணைக்குள்ளயே படிஞ்சிருது, கீழ ஓடுறதயும் வழியிலயே அள்ளி லொறியில ஏத்திர்றாங்க, அப்புறம் கடலுக்கு என்னதான் போய்ச் சேரும்? இதுல கடல் வேற சூடேறி மட்டம் கூடிக்கிட்டே வருது.

மழைக்கு மலையே கரைஞ்சு ஓடுதே, அது பத்தாதான்னு சிலர் கேக்குறாங்க. தேயிலைக் காட்டுல கரையுறது சேறு, அது கரையில நிக்காது, தண்ணியோட கலங்கிப் போய் பவளப்பாறை மேலயும் கடல்புல்லு மேலயும்தான் படியும். 1998ல கடல் சூடாகி ஹிக்கடுவையிலயும் கற்பிட்டியிலயும் பவளப்பாறை வெளுத்துச் செத்துச்சு. அப்பிடி அடிபட்ட பாறை மேல சேறும் படிஞ்சா எப்பிடி மறுபடி வளரும்?

கரைவலை இழுக்க அகலமான மணல் கரை வேணும், ரெண்டு பக்கமும் ஆளுங்க வரிசையா நின்னு கயிறு புடிச்சு பின்னாலயே நடந்து இழுக்கணும். கரை போச்சுன்னா இழுக்க எடமில்ல, மீனவங்க தங்குற வாடி போட எடமில்ல, நெத்தலி காயப்போடவும் எடமில்ல. அந்த நெத்தலியத்தான் நாங்க இங்க கடையில நூறு கிராம், அம்பது கிராம்னு பேப்பர்ல சுத்தி வாங்கிட்டு வந்து கறி வைக்கிறோம், தோட்டத்து லயன் வீட்டுப் புள்ளைங்களுக்கு மீனுன்னா அதுதான். வெல ஏறுனா மொதல்ல கொறையுறது அவங்க தட்டுலதான்.

1981ல வந்த கரையோரச் சட்டத்துல கரையோரம்னா நிலப்பக்கம் 300 மீட்டர், ஆத்து வாய்ப் பக்கம் 2 கிலோமீட்டர், அவ்வளவுதான். மணல் பொறக்குற மலை அதுக்குள்ள வரவே இல்ல. இத மாத்தணும் ஐயா. மணலுக்கு பெர்மிட் குடுக்க முன்னாடி கீழ வல இழுக்குற ஆளுங்ககிட்டயும் கேக்கணும், தோட்டங்கள்ல ஓயாக் கரையில நிக்கிற மரத்தையும் புதரையும் வெட்டவே கூடாதுன்னு கண்டிப்பா சொல்லணும்.

உங்க நிருபர் ஒருத்தர மவுசாக்கலையில இருந்து கங்கை கடல்ல சேர்ற மட்டக்குளி வரைக்கும் ஆத்தோடயே அனுப்பி எழுத வைங்க. இங்க வந்தா வழி காட்ட நாங்க இருக்கோம்.

இப்படிக்கு,
மஸ்கெலியா வாசகர்