சோர்ஸைக் கழற்றாதே, செல்வம்

சிராங்கூன், சிங்கப்பூர்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. ஓய்வுக்கு இரண்டே வருடம் இருக்கையில் புது எல்சி-எம்எஸ்ஸை (கலவையைப் பிரித்து, மூலக்கூறுகளை அயனியாக்கி நிறை பார்க்கும் கருவி) உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று புலம்பியிருக்கிறாய். ஜான் ஃபென், கரைசலை மின்னேற்றித் தெளித்து அயனியாக்கும் எலெக்ட்ரோஸ்பிரேயில் புரதங்களைப் பறக்கவிட்டபோது 70 தாண்டியிருந்தார். 2002-இல் நோபல் வாங்கும்போது 85. நீ இன்னும் சின்னப் பையன்தான்.

மிளகாய்த்தூளில் சூடான் என்ற கலப்படச் சாயத்தைத் தேடும் உன் வேலைக்கு வருகிறேன். சுத்தமான அசிட்டோநைட்ரைல் கரைப்பானில் சூடான் I ஸ்டாண்டர்டு (அளவு தெரிந்த கரைசல்), 249 நிறை அயனி 93 நிறைத் துண்டாக உடையும் சிக்னலில் அழகாக எழும்புகிறது, மிளகாய்ச் சாற்றில் அதே அளவு பாதிகூட வரவில்லை என்கிறாய். இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப்பார். கருவி கெட்டிருந்தால் ஸ்டாண்டர்டும் சேர்ந்தே விழும். விழவில்லையென்றால் சோர்ஸை, அதாவது தெளித்து அயனியாக்கும் பகுதியைக் கழற்றித் துடைப்பதும் டிடெக்டர் வோல்டேஜை ஏற்றுவதும் வீண் வேலை.

சூடானை எப்போது சேர்த்தாய் என்று நீ எழுதவில்லை. விஷயமே அதில்தான் இருக்கிறது. தூளிலேயே சேர்த்து ஓட்டு. வடிகட்டி முடித்த சாற்றில் சேர்த்தும் ஓட்டு. இரண்டாவதும் பாதியாக வந்தால் அயனியாக்கம் அமுங்குகிறது. இரண்டாவது முழுதாக வந்து முதலாவது மட்டும் குறைந்தால், சாறு எடுப்பதில் இழக்கிறாய். அப்போது முதலில் ஃபில்டரைச் சந்தேகப்படு. நைலான் ஃபில்டரை விட்டு பிடிஎஃப்இ (டெஃப்லான்) ஃபில்டர் போட்டுப் பார்.

அமுங்கல்தான் என்றால் காரணம் எளிது. சூடான் எண்ணெயில் கரையும் சாயம், எண்ணெய்ப் பாங்கானதைப் பிடித்துவைக்கும் சி18 பிரிப்புக் குழாயில் கடைசியில்தான் இறங்கும். மிளகாயின் எண்ணெய்ப் பசையும் அந்தப் பக்கமாகவே வரும். தெளிப்பின் சிறுதுளியில் மேற்பரப்பும் மின்னேற்றமும் அளவானவை. கூட்டம் நெருக்கினால் சூடானுக்கு மிஞ்சுவது கொஞ்சம்.

எங்கே அமுங்குகிறது என்று கண்ணால் பார்க்கலாம். எல்சி முடியும் இடத்துக்கும் சோர்ஸுக்கும் நடுவே டி-இணைப்பு வைத்து, மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் சூடான் கரைசலை நிமிடத்துக்கு 10 மைக்ரோலிட்டர் வீதம் சிரிஞ்ச் பம்பில் விட்டுக்கொண்டே இரு. முதலில் வெறும் கரைப்பானை இன்ஜெக்ட் செய். கிரேடியன்டில் கரைப்பான்களின் விகிதம் மாறுவதாலும் சிக்னல் கோடு சாயும், அதைத் தெரிந்துகொள்ளத்தான். அடுத்து சாயமில்லாத மிளகாய்ச் சாறு. புதிதாக விழும் பள்ளம் சூடான் வரும் நிமிடத்தில் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

சாயமில்லாத சாற்றுக்குக் கடைத்தூளை நம்பாதே, முழு வற்றலை வாங்கி அரை. இங்கே தேக்காவில் நல்ல வற்றல் கிடைக்கிறது. ஆனால் சிங்கப்பூர் ஈரத்தில் தூள் கட்டிதட்டிவிடும், டெசிகேட்டரிலிருந்து எடுத்த கையோடு எடைபோட வேண்டும்.

மருந்து? முதலில் சாற்றைப் பத்து மடங்கு நீர்த்துப்பார். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். போதவில்லையென்றால் டி5 ஏற்றிய சூடானை (ஐந்து ஹைட்ரஜனுக்குப் பதில் கனமான டியூட்டீரியம் உள்ளது) தூளிலேயே சேர், அதோடு ஒப்பிட்டுக் கணக்குப் போடு. ஒரு எச்சரிக்கை: டியூட்டீரியம் ஏறியது ஒரு கணம் முன்னாலேயே இறங்கக்கூடும். பள்ளத்தின் ஓரம் செங்குத்தாக இருந்தால் இரண்டும் ஒரே அளவு அமுங்காது, கணக்கு தப்பும்.

சூடான் III, IV பார்ப்பதாக இருந்தால் பழுப்புக் குப்பியில் வை. வெளிச்சம் பட்டால் வடிவம் மாறி, முன்னால் இன்னொரு பீக் முளைக்கும்.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். பள்ளம் எத்தனையாவது நிமிடம் விழுந்தது என்று எழுது, கிரேடியன்டையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
ராஜன்