பொடியை வாங்காதே, கமலா

வடாலா, மும்பை

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி, மலச்சிக்கல் இரண்டையும் மாற்றி மாற்றிப் புலம்பியிருக்கிறாய். கோயிலுக்குக்கூட ஆட்டோவில்தான் போகிறாய் என்றால் கஷ்டமாகத்தான் இருக்கிறது. மலச்சிக்கலுக்கு அந்த மூலிகைப் பொடியை வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாயே, வேண்டாம். டப்பாவில் நிலாவாரை என்று போட்டிருப்பதாக நீயே எழுதியிருக்கிறாய். அது குடலை விரட்டி வேலை வாங்கும் சரக்கு. மருந்துக்கடையிலும் அதைத்தான் மாத்திரையாக விற்கிறார்கள். என்றைக்காவது ஒரு நாள் என்றால் சரி, தினமும் ராத்திரி போட்டால் வயிறு பிசையும். இலை, வேர் என்றாலே சாது என்று யார் சொன்னது?

எங்கள் மாட்டுங்கா கட்டடத்தை இடித்துக் கட்டுகிறார்கள். அதுவரை இங்கே வாடகைக்கு. காற்று நன்றாக வருகிறது, லிஃப்ட் இருக்கிறது, ஆனால் கமோடு மட்டும்தான். ஆயுசு முழுக்கக் குந்தியே பழகியவளுக்கு எப்படி இருக்கும்! என் இடுப்பு வலிக்கு வரும் பிசியோதெரபி பெண்தான் வழி சொன்னாள். காலடியில் முக்கால் சாண் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். முன்னால் சாய்ந்து முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொள்ள வேண்டும். மலக்குடலை ஒரு தசை கொக்கி போட்டதுபோல் இழுத்துப் பிடித்திருக்கிறதாம். குந்தினால் அது தளரும், நாற்காலியில் உட்கார்வதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தால் முழுசாகத் தளராது. குந்த முடியாத உனக்கு இது தோதுப்படும். முட்டி வலித்தால் இன்னும் தாழ்வான ஸ்டூலாகப் போட்டுக்கொள். முக்காதே.

அப்புறம் நேரம். சாப்பாடு வயிற்றில் விழுந்ததும் பெருங்குடல் தானாக அசைந்து கொடுக்கும், அதுவும் காலையில் நன்றாக. அந்த நேரம் பார்த்து நீ பேரனை ஸ்கூல் வேனில் ஏற்ற ஓடுகிறாய்! அடக்கி வைத்தால் குடல் மலத்திலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், கல்லாக இறுகிவிடும். சித்த வைத்தியம் அடக்கக்கூடாத 14 வேகங்களில், அதாவது உடம்பின் இயல்பான உந்துதல்களில், இதையும் வைத்திருப்பது சும்மா இல்லை. இட்லி சாப்பிட்டுக் கால்மணி கழித்துப் போய் உட்கார், வந்தாலும் வராவிட்டாலும். வேனுக்கு உன் பிள்ளை போகட்டும்.

சாப்பாட்டைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கீரை, கொய்யா, வாழைத்தண்டு, சுண்டல். நாளுக்கு 25–30 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறார்கள். ஒரே நாளில் ஏற்றினால் வயிறு உப்பும், மெதுவாகக் கூட்டு. இசப்கோல் என்கிற நார்ச்சத்து உமியைப் போட்டால் பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர் கட்டாயம், இல்லையென்றால் அதுவே அடைத்துக்கொள்ளும்.

வலிக்குப் படுத்தே கிடக்கிறாய் பார், அதுதான் இரண்டையும் கெடுக்கிறது. நடக்காவிட்டால் குடலும் மந்தம், தொடைச் சதையும் இளைக்கும், பாரமெல்லாம் முட்டியில் இறங்கும். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டு, பாதத்தை உன் பக்கம் மடக்கு, அஞ்சு எண்ணி மெல்ல இறக்கு, அப்புறம் அடுத்த கால். டி.வி. பார்த்துக்கொண்டே செய்யலாம். நடையும் அப்படித்தான், வலி ஏறும்வரை இழுக்காமல் வாசல்வரை நாலு தடவையாகப் பிரித்துக்கொள். வெந்நீர் ஒத்தடம் கொடு, இதமாக இருக்கும். எனக்கு இடுப்பு பெல்ட் வாங்கித் தருகிறேன் என்று இவர் ஒரே பிடிவாதம். நாள்பட்ட இடுப்பு வலிக்கு பெல்ட் வழக்கமாக வேண்டாம், உடற்பயிற்சிதான் முக்கியம் என்று 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது என்றேன். அதோடு பேச்சு நின்றது.

இன்னொன்று. முட்டிக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையில் டிரமடால் இருக்கிறதா பார். மலத்தைக் கட்டும் மருந்து அது. நீ சாப்பிடும் இரும்புச்சத்து மாத்திரையும் அப்படிச் செய்யக்கூடும். நீயாக எதையும் நிறுத்திவிடாதே, அட்டைகளை எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டிக் கேள். ரத்தம் தெரிந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ உடனே போ. அடிப்பக்கம் மரத்துப்போய் ஒன்றுக்கு, ரெண்டுக்குப் போவதே தெரியாமல் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

தை மாதம் சின்னவளுக்கு வளைகாப்பு. நீ வந்தே ஆக வேண்டும். ரயிலில் லோயர் பெர்த்தாகப் பார்த்து இப்போதே போடச் சொல், கூட்டம் தாங்காது.

அன்புடன்,
விஜயா